அரை நொடிப் பதிவுகள் இரட்டைப்படை நொடிகளில் மட்டும் குவிவது ஏன்? நேரமுத்திரையின் அலகும் முழுதாக்கலும்

முப்பந்தல்காற்று, நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தலில் ஒன்றிரண்டு காற்றாலைகள் மட்டும் வைத்திருக்கும் சிலருக்காக, அவர்களுடைய உற்பத்திக் கணக்கைக் காட்டும் ஒரு மென்பொருளை நாகர்கோவிலில் இருந்து தனியாளாக எழுதிவருகிறேன். காற்றாலையில் பொருத்தியுள்ள டேட்டா லாகர் அரை நொடிக்கு ஒரு முறை காற்றின் வேகத்தையும் மின் உற்பத்தியையும் அளந்து, 1970 ஜனவரி 1 முதல் கடந்துள்ள மில்லிசெகண்டுகளின் எண்ணிக்கையை நேரமுத்திரையாகச் சேர்த்து அனுப்புகிறது. அதை வாங்கிச் சேமிக்கும் நிரல் பைத்தானிலும், உரிமையாளர்கள் பார்க்கும் திரை ஜாவாஸ்கிரிப்டிலும், தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல்லிலும் உள்ளன.

இதில் மூன்று இடங்களில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. முதலாவது, சர்வரில் நேரமுத்திரையை 1000-ஆல் வகுத்து நொடியாக்கி வைத்திருந்தேன். அதைத் திரைக்கு அனுப்பியபோது எல்லாப் பதிவுகளும் 1970 ஜனவரி 21 என்று காட்டின. திரையில் 1000-ஆல் பெருக்கியதும் தேதி சரியாகிவிட்டது. ஆனால் வேறொரு பக்கத்தில், ஏற்கெனவே பெருக்கப்பட்ட எண் என்பது தெரியாமல் மறுபடியும் பெருக்கிவிட்டதால், ஆண்டு 57,000-ஐத் தாண்டிவிட்டது. இப்படிப் போகிற இடமெல்லாம் பெருக்கியும் வகுத்தும் சமாளிப்பதுதான் முறையா என்று தெரியவில்லை.

இரண்டாவதுதான் என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் செய்கிறது. அரை நொடிக்கு ஒரு பதிவு என்றால் ஒவ்வொரு நொடிக்கும் இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும். ஆனால் நொடிவாரியாகத் தொகுத்துப் பார்த்தால், இரட்டைப்படை நொடிகளில் மூன்று பதிவுகளும் ஒற்றைப்படை நொடிகளில் ஒரே ஒரு பதிவும் இருக்கின்றன. நொடிவாரிக் கூட்டுத்தொகையின் வரைபடம் ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குகிறது. லாகர் விற்றவர்களைக் கேட்டபோது கருவியில் குறையில்லை என்றார்கள். நானே மூலத் தரவைத் திறந்து பார்த்தேன், நேரமுத்திரைகள் 000, 500, 000, 500 என்று ஒழுங்காகவே முடிகின்றன. அப்படியானால் தவறு என் நிரலில்தான் இருக்கிறது, ஆனால் அந்த வரியில் நான் செய்திருப்பது 1000-ஆல் வகுத்து ரவுண்டு செய்வது, அதாவது அருகில் உள்ள முழு எண்ணாக்குவது ஒன்று மட்டுமே.

மூன்றாவது, மணிவாரி அட்டவணை 8:30, 9:30, 10:30 என்று அரை மணியில் தொடங்குகிறது. மின்கணக்குக்கான 15 நிமிடத் தொகுதிகள் மட்டும், அதாவது நாளொன்றுக்கு 96 தொகுதிகளும், சரியான நேரத்தில் தொடங்குகின்றன. ஒரே நிரல் ஒரு அட்டவணையில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் நடப்பது எப்படி? விளக்க முடிந்தவர்கள் உதவுங்கள்.

பத்மநாபபுரம், தக்கலை

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விடை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பைத்தான் 3-இல் ரவுண்டு என்ற செயற்கூறு, பள்ளியில் நாம் படித்தபடி பாதியை எப்போதும் மேலே தள்ளுவதில்லை. எண் சரியாகப் பாதியில் நின்றால் அருகில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 0.5 என்பது 0 ஆகும், 1.5 என்பது 2 ஆகும், 2.5 என்பதும் 2 தான். வங்கியாளர் முழுதாக்கல் என்று இதைச் சொல்வார்கள். நிறைய எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சேராமல் இருப்பதற்காக வகுத்த நல்ல விதிதான் அது. பணத்தையும் அளவீட்டையும் கூட்டுவதற்குப் பொருத்தமானது, நேரத்தைப் பிரித்து அடுக்குவதற்குப் பொருந்தாது.

உங்கள் தரவில் வைத்துப் பாருங்கள். 1750000000500 என்பதை 1000-ஆல் வகுத்தால் 1750000000.5 வருகிறது; அது கீழே இறங்கி 1750000000 ஆகிறது. அடுத்த நொடியின் பாதியான 1750000001.5 மேலே ஏறி 1750000002 ஆகிறது. அதற்கும் அடுத்ததான 1750000002.5 மறுபடியும் கீழே இறங்கி அதே 1750000002-இல் விழுகிறது. ஆக ஒவ்வொரு இரட்டைப்படை நொடியும் தன்னுடைய இரண்டு பதிவுகளோடு முந்தைய ஒற்றைப்படை நொடியின் பாதியையும் எடுத்துக்கொள்கிறது. மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று என்ற உங்கள் ரம்பம் இதுதான். பாதி என்பது இரும எண்ணில் துல்லியமாக எழுதக்கூடிய பின்னம் என்பதால், தசமப் பிழையால் கூட இந்த ஒழுங்கு கலையவில்லை. ஒருவகையில் அது உங்கள் நல்ல நேரம். லாகர் 300 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அளந்திருந்தால் வரைபடத்தில் ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது.

இதே வகுத்தலை ஜாவாஸ்கிரிப்டின் ரவுண்டு கொண்டு செய்திருந்தால், அது பாதியை எப்போதும் மேலே தள்ளுவதால் ஒவ்வொரு நொடிக்கும் இரண்டு பதிவுகள் வந்திருக்கும், எண்ணிக்கை சரியென்று நீங்களும் விட்டிருப்பீர்கள். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு நொடியின் பின்பாதி அடுத்த நொடிக்குப் போயிருக்கும். எண்ணிக்கை சரியாக இருப்பது இடம் சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்போதைய உங்கள் நிரலில் கூட 2:59:59.500-க்கு எடுத்த பதிவு 3:00:00 என்று மாறி அடுத்த 15 நிமிடத் தொகுதிக்குள் நுழைகிறது. அதற்கு ஈடாக முந்தைய தொகுதியின் கடைசிப் பதிவு இந்தத் தொகுதிக்குள் வந்துவிடுவதால், 1800 என்ற மொத்தம் மாறாமல் இருந்து உங்களை ஏமாற்றுகிறது.

தீர்வு, ரவுண்டு செய்வதை விட்டுவிட்டு முழு எண்ணாகவே கீழ்நோக்கி வகுப்பது. பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டு 1750000001500 // 1000 என்று எழுதினால் 1750000001 கிடைக்கும், இடையில் ஃப்ளோட், அதாவது பின்ன எண் எதுவும் வராது. மணி மூன்று அடிக்கும் வரை நேரம் இரண்டு மணிக்குள்தான் இருக்கிறது. அரை நொடி மீதமிருக்கும்போதே அதை மூன்று என்று எழுதினால் இன்னும் நடக்காத ஒன்றைப் பதிவு செய்கிறோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 1750000000 என்பது நொடியாகக் கொண்டால் 2025 ஜூன் 15, இந்திய நேரம் இரவு 8:36:40. அதே எண்ணை மில்லிசெகண்டு என்று ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டால் 1970 ஜனவரி 1-இலிருந்து இருபது நாளும் சில மணி நேரமும் மட்டுமே கடந்ததாக ஆகும். அதனால்தான் ஜனவரி 21. இன்றைய தேதி ஏதாவது ஒன்று 1970 ஜனவரியில் போய் நின்றால் நொடியை மில்லிசெகண்டாக வாசித்திருக்கிறோம் என்றும், ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் பெருக்கல் ஒரு முறை கூடிவிட்டது என்றும் உடனே தெரிந்துகொள்ளலாம். பைத்தானில் ஆண்டு 9999-க்கு மேல் போக முடியாததால் அங்கே பிழைச் செய்தியே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படித் தடுப்பதில்லை. நீங்கள் செய்த பெருக்கல் தவறில்லை, ஆனால் அதற்கு இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். உள்ளே எல்லா இடத்திலும் மில்லிசெகண்டு முழு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்து, வெறும் 'நேரம்' என்றில்லாமல் 'நேரம்_மிசெ' என்பது போல எழுதுங்கள். அலகு பெயரில் இருந்தால், இரண்டாவது முறை பெருக்க வரும் கை தானாகவே நின்றுவிடும்.

குளச்சல்அலை, குளச்சல்

அக்கா சொன்னதோடு கருவிப் பக்கத்தின் அனுபவத்தையும் சேர்க்கிறேன். மீன்பிடிப் படகுகளுக்காகக் கடல்நீரின் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவிகளை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை கொண்டு செய்கிறேன். தொடக்கத்தில் நொடிகளை ஃப்ளோட் வகை மாறியில் வைத்தேன். அந்தப் பலகையில் டபுள் என்று அறிவித்தாலும் நான்கு பைட்டு ஃப்ளோட்தான் கிடைக்கும். அதில் எண்ணுக்கென்று இருப்பது 24 பிட். இன்றைய நேரமுத்திரை நூற்று எழுபது கோடியைத் தாண்டிவிட்டது என்பதால், அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு நடுவே 128 நொடி இடைவெளி விழுகிறது. பத்து நொடிக்கு ஒரு முறை பதிந்த அளவீடுகள் எல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கொத்தாக ஒரே நேரத்தில் நின்றதைப் பார்த்து, உணர்வி பழுது என்று நினைத்து இரண்டு உணர்விகளை மாற்றினேன். பிறகுதான் அது முழுதாக்கல் என்று தெரிந்தது.

இன்னொன்று, அதே பலகையில், இயக்கியது முதல் கடந்த மில்லிசெகண்டுகளை எண்ணும் மில்லிஸ் என்ற எண்ணி 32 பிட் கொண்டது, ஏறத்தாழ 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். மேசைமேல் வைத்துச் சோதிக்கும் நாம் அதைக் காணவே மாட்டோம். ஆனால் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. இரண்டு முறை கடலுக்குப் போய்வரும் வரை கருவியை யாரும் அணைக்காவிட்டால் எண்ணி திரும்பிவிடுகிறது. முடியும் நேரத்தை முன்கூட்டியே கூட்டி வைத்து ஒப்பிட்டால் அந்தக் கணத்தில் நிரல் தடுமாறும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து வித்தியாசத்தை ஒப்பிட்டால் குறியில்லா (எதிர்ம மதிப்பு இல்லாத) முழு எண்ணின் கணக்கு அதைத் தானாகச் சரிசெய்துவிடும்.

அலகைப் பற்றி ஒரு எளிய வழி உண்டு. எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்: பத்து இலக்கம் என்றால் நொடி, பதிமூன்று என்றால் மில்லிசெகண்டு, பதினாறு என்றால் மைக்ரோசெகண்டு, பத்தொன்பது என்றால் நானோசெகண்டு. நிரலே பார்த்து மாற்றிக்கொள்ளும்படி எழுதிவிட்டால் எந்த லாகர் வந்தாலும் கவலையில்லை.

வேளிமலை, குமாரகோவில்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். நேரமுத்திரை உலகப் பொது நேரத்தின்படி எண்ணப்படுகிறது; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம், அதாவது 19800 நொடி முன்னால் இருக்கிறது. 19800-ஐ 900-ஆல் வகுத்தால் மீதியின்றி 22 வருகிறது. ஆகவே உலக நேரத்தின்படி 15 நிமிடமாக வெட்டினாலும் இந்திய நேரத்தின்படி வெட்டினாலும் வெட்டு ஒரே இடத்தில் விழுகிறது. பத்து நிமிடமாக வெட்டினாலும் அப்படியே, ஏனென்றால் 600-ஆல் வகுத்தால் 33. ஆனால் 3600-ஆல் வகுத்தால் ஐந்தரை. அந்த அரைதான் உங்கள் மணிவாரி அட்டவணையில் 8:30 ஆகவும் 9:30 ஆகவும் நிற்கிறது. உங்கள் நிரல் ஒரு இடத்தில் சரியாகவும் ஒரு இடத்தில் தவறாகவும் நடக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே தவறைத்தான் செய்கிறது, 15 நிமிடத்தில் அது வெளியே தெரிவதில்லை.

மேலே சொன்ன 1750000000-ஐயே எடுத்துக்கொள்வோம். அதை 3600-இன் மடங்காகக் கீழே இறக்கினால் 1749999600. அது இந்திய நேரம் இரவு 8:30. வெட்டுவதற்கு முன் 19800-ஐக் கூட்டி, வெட்டிய பின் அதையே கழித்தால் 1749997800 கிடைக்கும். அது இரவு 8:00. நாள்வாரிக் கணக்கு எழுதும்போது இதை மறந்தால் விளைவு இன்னும் பெரிது. 86400-ஆல் நேரடியாக வெட்டினால் உங்கள் நாள் காலை 5:30-க்குத் தொடங்கும். கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியோதயம் பார்க்கக் கூட்டம் சேரும் வேளை வரை காற்றாலை தந்த மின்சாரமெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும். ஆனி, ஆடி மாதங்களில் இரவு முழுவதும் சுற்றிய காற்றாலைக்கு அது சிறிய பிழை அல்ல.

19800 என்ற எண்ணை நிரலில் நேரடியாக எழுதுவது இன்றைய தரவுக்குப் போதும். பழைய பதிவுகளையும் ஏற்றும் எண்ணம் இருந்தால் 'ஆசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்தைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய நேரம் சில காலம் ஆறரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 1970-க்கு முந்தைய நேரமுத்திரைகள் எதிர்ம எண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பழைய நீர்மட்டப் பதிவுகள் போன்றவற்றைக் கணினியில் ஏற்றுகிறவர் இதை உடனே சந்திப்பார். எதிர்ம 500 மில்லிசெகண்டை 1000-ஆல் வகுத்தால் சி மொழியும் ஜாவாவும் பூச்சியத்தை நோக்கி வெட்டி 0 என்று தரும். பைத்தானின் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி இறங்கி எதிர்ம 1 என்று தரும். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான், இல்லையென்றால் 1970-ஐ ஒட்டிய இரண்டு நொடிகள் ஒன்றாகிவிடும். ஜாவாவில் இதற்கென்றே ஃப்ளோர்டிவ் என்ற செயற்கூறு இருக்கிறது.

முப்பந்தல்காற்று, நாகர்கோவில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரவுண்டை எடுத்துவிட்டு முழு எண் வகுத்தலை வைத்தவுடன் ரம்பப் பல் மறைந்து, ஒவ்வொரு நொடிக்கும் இரண்டு பதிவுகள் வந்துவிட்டன. மூன்று நொடிச் சராசரியில் காற்றின் வீச்சைக் கணக்கிடும் பகுதி சில சமயம் ஏழு பதிவுகளையும் சில சமயம் ஐந்து பதிவுகளையும் எடுத்துக்கொண்டிருந்ததும் இப்போதுதான் புரிந்தது. எந்த மூன்று நொடியை எடுத்தாலும் இனி ஆறு பதிவுகள். மணிவாரி அட்டவணையும் சரியாகிவிட்டது.

ஆனால் ஒன்று மீதமிருக்கிறது. மூல அளவீட்டை நுணுக்கம் குறையாமல் வைக்க வேண்டும் என்று தனி அட்டவணையில் பின்னத்தோடு எழுதுகிறேன். அதில் நாளின் கடைசிப் பதிவான 23:59:59.500 மட்டும் மறுநாள் 00:00:00 என்று சேமிக்கப்படுகிறது. பைத்தான் அனுப்பும் வரியை அச்சிட்டுப் பார்த்தேன், அது .500 என்றுதான் அனுப்புகிறது.

பத்மநாபபுரம், தக்கலை

தம்பி, அட்டவணையில் அந்த நெடுவரிசையை வெறும் டேட்டைம் (தேதியும் நேரமும் வைக்கும் வகை) என்று அறிவித்திருப்பீர்கள். அப்படி அறிவித்தால் மைஎஸ்க்யூஎல் பின்ன நொடிக்கு இடம் வைப்பதில்லை. வருகிற பின்னத்தை வெட்டி எறியாமல் முழுதாக்குகிறது. அரை நொடி மேலே ஏறும்போது நொடி மாறி, நிமிடம் மாறி, நாளே மாறிவிடுகிறது. மாத இறுதியிலும் ஆண்டு இறுதியிலும் அதே போல மாதமும் ஆண்டும் மாறும். உங்கள் அட்டவணையில் நாளின் கடைசிப் பதிவு மட்டுமல்ல, .500 கொண்ட எல்லாப் பதிவுகளும் அடுத்த நொடிக்குப் போயிருக்கும். தேதி மாறியதால் அது ஒன்று மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நெடுவரிசையை டேட்டைம்(3) என்று மூன்று பின்ன இலக்கத்தோடு அறிவித்தால் மில்லிசெகண்டு அப்படியே நிற்கும். நானாக இருந்தால் மூலத் தரவுக்கு டேட்டைம் வைக்காமல், லாகர் அனுப்பிய மில்லிசெகண்டு எண்ணையே 64 பிட் முழு எண்ணாக வைத்து, தேதியை வாசிக்கும்போது மட்டும் உருவாக்குவேன். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தளம் கூட இலக்கத்தைக் குறைத்து அறிவித்தால் முழுதாக்கவே செய்யும் என்பதால், தரவுத்தளத்தை மாற்றுவது இதற்கு மருந்தில்லை.

குளச்சல் நண்பர் சொன்ன இலக்கம் எண்ணும் வழியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். தரவைக் கையில் எடுத்துப் பார்க்கும் மனிதருக்கு அது மிகவும் உதவும், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். நிரலுக்குள் அதை விதியாக எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. நொடி பத்து இலக்கமாகவும் மில்லிசெகண்டு பதிமூன்று இலக்கமாகவும் ஆனது 2001 செப்டம்பர் 9-இல். அதற்கு முந்தைய நாள்களுக்கு அந்த விதி பொய்த்துவிடும், 1970-க்கு முந்தைய எதிர்ம எண்களுக்கு இன்னும் மோசம். அதைவிடப் பெரிய ஆபத்து, கருவியின் கடிகாரம் பழுதாகிப் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், உங்கள் நிரல் அந்தச் சிறிய எண்ணை வேறொரு அலகு என்று கருதி நம்பத்தகுந்த ஒரு தேதியாக மாற்றிவிடக்கூடும். தெரிந்த லாகருக்குத் தெரிந்த அலகை எழுதி வைத்து, எண் அந்த அலகில் ஏற்க முடியாத காலத்தில் விழுந்தால் பதிவை மறுத்து ஒதுக்குவதுதான் பாதுகாப்பு.

குளச்சல்அலை, குளச்சல்

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. கடிகார மின்கலம் தீர்ந்துபோன கருவிகள் என்னிடமே இரண்டு வந்தன. அவற்றின் பதிவுகள் எங்கே போயின என்பதை இப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வி மட்டும்: எங்கள் புதிய பலகை நானோசெகண்டில் எண்ணுகிறது. அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் திரைக்கு அனுப்பலாமா?

பத்மநாபபுரம், தக்கலை

எண்ணாக அனுப்ப வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான், அதாவது 9007199254740992 வரைதான், எல்லா முழு எண்களையும் தவறாமல் தாங்கும். இன்றைய நானோசெகண்டு நேரமுத்திரை பத்தொன்பது இலக்கம். அந்த அளவில் 256 நானோசெகண்டுக்கு ஒரு எண் மட்டுமே அதில் இருக்கிறது, கடைசி இலக்கங்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மாறிவிடும். எழுத்துச் சரமாக அனுப்பி அங்கே பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கடல்நீரின் வெப்பநிலைக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்றால் சர்வரிலேயே கீழ்நோக்கி வகுத்து மில்லிசெகண்டாக அனுப்புங்கள்.

முப்பந்தல்காற்று, நாகர்கோவில்

நெடுவரிசையை 64 பிட் முழு எண்ணாக மாற்றி, மூலக் கோப்புகளிலிருந்து கடந்த மாதத் தரவு முழுவதையும் மறுபடியும் ஏற்றினேன். நாளின் கடைசிப் பதிவு அதன் நாளிலேயே நிற்கிறது, ஒவ்வொரு 15 நிமிடத் தொகுதியும் சரியாக 000-இல் தொடங்கி 500-இல் முடிகிறது. மாறிகளின் பெயர்களில் அலகைச் சேர்க்கும் வேலையில் பாதி முடிந்திருக்கிறது. அதைச் செய்யும்போதே, இன்னும் ஒரு பக்கத்தில் நொடியை மில்லிசெகண்டோடு கூட்டியிருந்ததைக் கண்டுபிடித்தேன்.